விளங்கிவிட்டதா? ஆங்கிலத்தில் அதைச் சொல்லும் விதங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நான் வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாவது நாள். காலை ஏழரை மணி. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் ஈரத் தலையணையைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். இரவு முழுவதும் குளிரூட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியதாம். கட்டில் நனைந்து, தூக்கமே இல்லையாம். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. அதை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற ஆவலில் தலையை ஆட்டி ஆட்டி, ‘ஐ நோ மேடம், ஐ நோ, ஐ நோ’ என்றேன். அவர் முகம் சிவந்தது. ‘யூ நியூ?’ என்று கேட்டார். தெரிந்துகொண்டேதான் அந்த அறையை எனக்குக் கொடுத்தீர்களா என்று அர்த்தம்.

நான் சொல்ல நினைத்தது, ‘நீங்கள் சொல்வது விளங்குகிறது’ என்று. வாயில் வந்தது, ‘அது எனக்கு முன்பே தெரியும்’ என்று. அன்றைக்கு முகாமையாளர் ஓடிவந்து அறையை மாற்றிக் கொடுத்ததால் தப்பினேன்.

இப்போது களுவாஞ்சிக்குடிப் பக்கம் மாலை வகுப்பில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் வேலை தேடும் பிள்ளைகள், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ முதலாம் வருடம் போய் ஆங்கில விரிவுரையைக் கேட்டுத் திகைத்துப்போனவர்கள், அலுவலகத்தில் மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுத வேண்டியவர்கள் என்று பலரும் வருகிறார்கள். எல்லோரும் இடறி விழும் பள்ளம் ஒன்றுதான். நம்மிடம் ‘விளங்கு’ என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. அது மிகப் பெரிய உழைப்பாளி. பத்துப் பேரின் வேலையைத் தனியே பார்க்கும். ஆங்கிலத்தில் அந்தப் பத்து வேலைக்கும் பத்து ஆட்கள். ஆகவே எந்த ஆங்கிலச் சொல்லைப் போடுவது என்று முதலில் தேடாதீர்கள். இங்கே என்ன வகையான விளங்கல் நடந்தது என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். ஆங்கில வாக்கியங்களை வாய்க்குப் பழகட்டும் என்று தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆளை மாற்றுங்கள்

தமிழில் ‘எனக்கு விளங்குகிறது’ என்கிறோம். விளங்குவது விஷயம், நான் வெறுமனே பக்கத்தில் இருக்கிறேன், அது வந்து எனக்கு விளங்குகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொகுசு கிடையாது. விளங்கிக்கொள்ளும் வேலையை ஆள்தான் செய்கிறார்: ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’. தமிழை அப்படியே தூக்கிவைத்து ‘இட் இஸ் அண்டர்ஸ்டாண்டிங் டு மீ’ என்று எழுதிய கொப்பிகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியத்தை மனத்துக்குள் ‘நான்’ என்று மாற்றிவிட்டே ஆங்கிலத்துக்குள் கால் வையுங்கள்.

அதோடு இன்னொன்று. ‘விளங்குகிறது’ என்பது நிகழ்காலம் என்பதால் ‘ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்’ என்று சொல்லத் தோன்றும். வேண்டாம். ஆங்கிலத்தில் விளங்குவது ஒரு நிலை. ஓடுவது, சாப்பிடுவது போன்ற செயல் அல்ல. இப்போது விளங்குகிறது என்றாலும் ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’ தான். இறந்தகாலம் ‘அண்டர்ஸ்டுட்’. ‘அண்டர்ஸ்டாண்டட்’ என்று ஒரு சொல் இல்லை.

காதா, மண்டையா?

கட்டாரில் இருக்கும் மகன் தொலைபேசியில் கதைக்கிறான். இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. ‘மகன், விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்’ என்கிறார் தாய். அவருக்கு விளங்காதது மகன் சொன்ன கருத்தா? இல்லை, சத்தம்தான் காதில் சரியாக விழவில்லை. நம் பகுதியில் காதில் கேட்கவில்லை என்பதற்கும் ‘விளங்கவில்லை’ தான், கருத்துப் புரியவில்லை என்பதற்கும் ‘விளங்கவில்லை’ தான். இந்த இரண்டையும் ஆங்கிலத்தில் கலந்தீர்களானால் எதிரே நிற்பவர் குழம்பிவிடுவார்.

உல்லாசப் பயணி ஏதோ கேட்கிறார். பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. உங்கள் காதில் விழவில்லை. அப்போது ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்’ என்றால், இவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று அவர் நினைத்து, கையை ஆட்டிச் சைகை காட்டத் தொடங்குவார், அல்லது வேறு ஆளைத் தேடிப் போவார். ‘சொரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்’ என்று சொல்லுங்கள். அதே கேள்வியை அவர் சற்று உரத்துச் சொல்வார், அவ்வளவுதான். கேட்ச் என்பது பந்தைப் பிடிப்பது போலச் சொல்லைக் காதால் பிடிப்பது. பந்து கைநழுவியது, விளையாட்டு எனக்குத் தெரியும் என்கிறீர்கள். இந்த ஒரு வாக்கியத்தால் வகுப்புக்குக் கொடுத்த காசு திரும்பி வந்துவிட்டது என்று ஒரு மாணவர் எனக்குச் சொன்னார். அறுகம்பையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார்.

கேட்ச்சுக்கு அடுத்தது ‘மேக் அவுட்’. கல்லடிப் பாலத்தடியில் நிலவு இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் பாடும் மீனின் ஓசை கேட்கும் என்பார்கள். நானும் ஒருமுறை போனேன். ஏதோ கேட்டது. மெல்லிய முனகலா, தந்தியை மீட்டும் ஒலியா, என் காதின் இரைச்சல்தானா என்று பிரித்தறிய முடியவில்லை. அந்த நிலைக்கு ஆங்கிலம்: ‘ஐ குட் ஹியர் சம்திங், பட் ஐ குடின்ட் மேக் அவுட் வாட் இட் வாஸ்’. மங்கலாகத் தெரியும் எழுத்து, தூரத்தில் நிற்கும் ஆள், டொக்டரின் கையெழுத்து, இவற்றைச் சிரமப்பட்டுப் பிரித்தறிவதுதான் மேக் அவுட். பெரும்பாலும் ‘கேன்’, ‘குட்’ அல்லது அவற்றின் எதிர்மறையோடு வரும். அதற்குப் பின்னால் ‘வித்’ சேர்த்து ஓர் ஆளின் பெயரைப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்கப் பேச்சில் அது காதலர் விவகாரம்.

தெரியும் வேறு, விளங்கும் வேறு

தலையணைக் கதைக்குத் திரும்பி வருவோம். ‘தெரியும்’ என்ற நோவையும் (இல்லை என்ற நோ அல்ல) அண்டர்ஸ்டாண்ட் என்பதையும் பிரிப்பது கடினம் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் ஏற்கெனவே பிரிக்கிறீர்கள். மட்டக்களப்புச் சந்தையில் யாரிடமாவது சிங்களம் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். ‘விளங்கும், கதைக்க வராது’ என்று பலரும் சொல்வார்கள். அந்தப் பதிலில் முழு இலக்கணமும் இருக்கிறது. ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் சிங்ஹல, பட் ஐ டோன்ட் ஸ்பீக் இட்’. மொழி என் வசம் இருக்கிறது என்றால் நோ. வருவதை ஏற்றுக்கொள்ள மட்டும் முடிகிறது என்றால் அண்டர்ஸ்டாண்ட்.

விஷயங்களில் பிரிப்பது இன்னும் எளிது. நோ என்பது முன்பே கையில் இருக்கும் தகவல். கல்முனைக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியும்: நோ. ஏன் அது எப்போதும் பிந்தி வருகிறது என்பதன் காரணம் விளங்குகிறது: அண்டர்ஸ்டாண்ட். தெரிவதற்கு யாராவது சொன்னால் போதும். விளங்குவதற்கு உள்ளே ஏதோ ஒன்று ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஆயிரம் சூத்திரம் தெரிந்த பிள்ளை ஒன்றுமே விளங்காமல் பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள்.

ஒருவர் புதிதாக ஒன்றைச் சொல்லும்போது ‘ஐ நோ’ என்பது ‘இதைச் சொல்ல நீங்கள் தேவையில்லை’ என்ற தொனியில் போய் விழும். அந்த இடத்துக்கு ‘ஐ சீ’. நம் ‘ஓ, அப்படியா’ போல. முறைப்பாடு என்றால் ‘ஐ அண்டர்ஸ்டாண்ட், மேடம்’. அத்துடன் ‘ஐ ஆம் சோ சொரி’ என்று சேர்த்துவிட்டால் தலையணை உங்கள் தலைக்கு வராது.

மரண வீட்டில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அம்பாறை, மட்டக்களப்புக் கரையோரம் முழுவதும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. ஆங்கிலம் ஓரளவு தெரிந்த இளைஞர்கள் மொழிபெயர்ப்பாளர்களாகக் கூடவே ஓடினார்கள். நானும் சில மாதம் ஓடினேன். முகாமில் இருந்த தாய் ஒருவரிடம், வந்தவர் ‘ஐ நோ ஹவ் யூ ஃபீல்’ என்றார். ‘உங்கள் மனநிலை எனக்குத் தெரியும்’ என்று நான் மொழிபெயர்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, ‘இவருக்கு எப்படித் தெரியும், தம்பி?’ என்று கேட்டார். அதை நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் ‘ஐ நோ’ வேண்டாம். ‘ஐ ஆம் வெரி சொரி’ போதும்.

‘அப்போதுதான்’ என்ற உரைகல்

ரியலைஸ் என்ற சொல் கிட்டத்தட்ட எல்லோரையும் ஏமாற்றுகிறது. அகராதியில் ‘உணர்’ என்று போட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு ‘ஐ ரியலைஸ் த லெசன்’ என்று எழுதுவார்கள், பாடம் விளங்கியது என்ற பொருளில். ஆங்கிலேயர் யாரும் அப்படி எழுத மாட்டார்.

நான் வகுப்பில் கொடுக்கும் உரைகல் இதுதான். உங்கள் தமிழ் வாக்கியத்துக்கு முன்னால் ‘அப்போதுதான்’ அல்லது ‘இப்போதுதான்’ என்று போட்டுப் பாருங்கள். இயல்பாக உட்கார்ந்தால் ரியலைஸ், உறுத்தினால் அண்டர்ஸ்டாண்ட். ஏறாவூரில் இறங்கி நடக்கத் தொடங்கினேன். பணப்பையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. ‘ஐ ரியலைஸ்ட் தட் ஐ ஹாட் லெஃப்ட் மை பர்ஸ் ஒன் த பஸ்’. பணப்பை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது முன்பே நடந்த உண்மை. எனக்குத்தான் பிந்தி உறைத்தது. உறைப்பது என்ற சொல்லை நினைவில் வையுங்கள். ரியலைஸுக்கு மிக நெருங்கிய தமிழ் அதுதான், ‘உணர்’ அல்ல.

‘பைதகரஸ் தேற்றம் அப்போதுதான் விளங்கியது’ என்றும் சொல்லலாமே, சேர், என்று ஒரு மாணவி மடக்கினார். நியாயமான கேள்வி. அதற்காக உரைகல்லின் இரண்டாம் பாதி: விளங்கிய பொருள் ஒரு முழு வாக்கியமாக, ‘என்று’ போட்டு வருகிறதா? ‘வீட்டில் யாருமில்லை என்று’, ‘நான் பிழை விட்டேன் என்று’. ஆம் என்றால் ரியலைஸ். ஒரு பாடமோ தேற்றமோ மொழியோ ஆளோ என்றால் அண்டர்ஸ்டாண்ட். ‘மை மிஸ்டேக்’, ‘த டேஞ்சர்’ போன்ற சில பெயர்ச்சொற்களை ரியலைஸ் ஏற்கும். அவற்றையும் ‘பிழை என்று’, ‘ஆபத்து என்று’ விரித்துப் பார்த்தால் உரைகல் செல்லும்.

கண்ணில் பட்டது, காதில் பட்டது என்றால் அது ரியலைஸ் அல்ல, நோட்டிஸ். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருப்பதைக் கண்டேன்: நோட்டிஸ். கள்ளன் புகுந்திருக்கிறான் என்று உறைத்தது: ரியலைஸ். ஆளை அடையாளம் கண்டது என்றால் ரெகக்னைஸ். பத்து வருடம் கழித்துக் கனடாவிலிருந்து வந்த மச்சானை மட்டுக்கட்ட முடியவில்லை என்கிறோமே, அந்த மட்டுக்கட்டுவது. ‘ஐ டிடின்ட் ரெகக்னைஸ் ஹிம்’. இதை ‘அண்டர்ஸ்டாண்ட்’ என்று சொன்னால் மச்சானின் குணம் விளங்கவில்லை என்று ஆகிவிடும். அது உண்மையாகவும் இருக்கலாம்.

மன்னிப்புக் கேட்கும்போது ‘ஐ டிடின்ட் ரியலைஸ்’ மிகப் பயனுள்ள வாக்கியம். ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு ‘ஐ டிடின்ட் நோ’ என்பதும் சரிதான், ஆனால் சற்று மொட்டையாக இருக்கும். ‘சொரி, ஐ டிடின்ட் ரியலைஸ் யூ வேர் வெய்ட்டிங்’ என்றால், கவனித்திருக்க வேண்டும், தவறிவிட்டேன் என்ற பணிவு அதில் இருக்கிறது.

கையால் பிடிக்கும் சொற்கள்

தமிழில் ‘பிடிபடவில்லை’ என்கிறோம் அல்லவா? ஆங்கிலத்திலும் கையால் பிடிக்கும் சொற்கள் உண்டு. கிராஸ்ப் என்றால் இறுக்கிப் பிடிப்பது. கொம்ப்ரிஹெண்ட் இலத்தீனிலிருந்து வந்தது. அதன் வேரும் பிடித்தல்தான். ஃபாதம் இன்னும் சுவையானது. இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளத்துக்கு அது பெயர். ஆறடி என்று நிலைபெற்று, கடலாழம் அளக்கும் அலகாயிற்று. நம் மீனவர் கயிற்றைக் கைவிரித்து அளந்து ‘இத்தனை பாகம் ஆழம்’ என்பார்களே, அந்தப் பாகமும் அப்படித்தான். பிறகு ஆழம் பார்ப்பது என்ற பொருளிலிருந்து விளங்கிக்கொள்வது என்ற பொருள் வந்தது. ‘அவன் மனசின் ஆழத்தைப் பார்க்க முடியவில்லை’ என்று நாமும் சொல்கிறோம். ‘ஐ கான்ட் ஃபாதம் வை ஹி லெஃப்ட்’: அவன் ஏன் போனான் என்று எவ்வளவு யோசித்தும் அடி தெரியவில்லை. இது பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். கதை, கட்டுரையில் அழகு, பஸ் நிலையத்தில் செயற்கை.

கிராஸ்ப் வேண்டிய இடம், ஒரு கடினமான கருத்தின் மையத்தை முழுமையாகப் பிடித்தேன் என்னும்போது. பொருளியல் விரிவுரையில் பணவீக்கம் என்றால் என்ன என்று மூன்றாவது வாரம் பிடிபட்டது. ‘ஐ ஃபைனலி கிராஸ்ப்ட் த ஐடியா’. கருத்தைப் பிடிக்கலாம், விஷயத்தின் பாரதூரத்தைப் பிடிக்கலாம், ஆளைப் பிடிக்கக் கூடாது. ‘ஐ கிராஸ்ப் யூ’ என்றால் நீங்கள் அவர் கையை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

கொம்ப்ரிஹெண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண தர ஆங்கில வகுப்பில் ஒரு பத்தியைக் கொடுத்துக் கீழே கேள்வி கேட்பார்களே, கொம்ப்ரிஹென்ஷன், அதுவே அதன் வீடு. வாசித்ததை முழுதாக உள்வாங்குவது. எழுத்தில் வரும், உத்தியோகபூர்வமாக இருக்கும், பேச்சில் போட்டால் கோட்டு அணிந்து மீன் சந்தைக்குப் போனது போல இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ‘கொம்ப்ரிஹென்சிவ்’ என்ற சொல் விளங்கக்கூடிய என்று பொருள்படாது. அது முழுமையான, எல்லாவற்றையும் அடக்கிய என்று பொருள்படும். வாகனக் காப்புறுதியில் மூன்றாந்தரப்புக்கு மேலே முழுக் காப்புறுதி என்று எடுப்பீர்களே, அதுதான். விளங்கக்கூடிய என்பதற்கு ‘கொம்ப்ரிஹென்சிபிள்’.

பாடுபட்டுக் கண்டுபிடிப்பது

வயல் வட்டையில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் காலையில் இயங்கவில்லை. எண்ணெயைப் பார்த்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, குழாயை ஊதி, கடைசியில் காற்று இழுக்கும் இடத்தில் ஓட்டை என்று கண்டுபிடித்தீர்கள். இதுவும் ‘அப்போதுதான் விளங்கியது’ தான். ஆனால் சும்மா உறைக்கவில்லை, நீங்கள் மினக்கெட்டுத் தேடினீர்கள். இங்கே ‘ஐ ஃபிகர்ட் அவுட் வை இட் வாஸின்ட் வேர்க்கிங்’. ஃபிகர் அவுட் அமெரிக்கர் வாயில் அதிகம். பிரித்தானியர் அதே இடத்தில் ‘வேர்க் அவுட்’ என்பார்கள். கணக்குப் பார்ப்பதற்கு, ஏக்கருக்கு எத்தனை புசல் நெல் கிடைத்தது, செலவு போக மிச்சம் எவ்வளவு என்பதற்கு வேர்க் அவுட் நன்றாகப் பொருந்தும். எப்படியும், வியர்வை சிந்தாத இடத்தில் இவை இரண்டையும் போடாதீர்கள்.

பேச்சில் ஓடும் சிறுசொற்கள்

ஃபொலோ என்பது பின்னாலேயே நடந்து வருவது. ஒருவர் வழி சொல்கிறார், கதை சொல்கிறார், வாதம் வைக்கிறார். அவர் காலடியைப் பிடித்துக்கொண்டே நீங்கள் வருகிறீர்கள். வடமோடிக் கூத்தை முதன்முதல் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு ஒவ்வொரு பாட்டும் காதில் விழும். ஆனால் யார் யாரோடு ஏன் போருக்குப் போகிறார் என்ற கதைத் தொடர்ச்சி நடுவில் அறுந்துவிடும். ‘ஐ குடின்ட் ஃபொலோ த ஸ்டோரி’. விரிவுரையில் இடையில் விட்டுப்போனால் ‘சொரி சேர், ஐ டோன்ட் குவைட் ஃபொலோ’ என்று கேளுங்கள். ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் எல்லாமே விளங்கவில்லை என்று கேட்கும். ஃபொலோ என்றால் இதுவரை வந்தேன், இந்த வளைவில் தவறவிட்டேன் என்று கேட்கும். விரிவுரையாளருக்கும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும். அறிவுறுத்தல்களுக்கு முன்னால் ஃபொலோ வந்தால் மட்டும் கவனம்: ‘ஃபொலோ த இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்’ என்றால் விளங்கிக்கொள் என்று அல்ல, சொன்னபடி செய் என்று பொருள்.

கெட் எல்லா இடத்திலும் ஓடும். நகைச்சுவை விளங்கவில்லை: ‘ஐ டோன்ட் கெட் இட்’. விளங்கிவிட்டது: ‘கொட் இட்’. நண்பர்களோடு தாராளமாகப் போடுங்கள், விண்ணப்பக் கடிதத்தில் வேண்டாம். ‘ஐ டிடின்ட் கெட் யூ’ என்று நம்மவர் தொலைபேசியில் அடிக்கடி சொல்வதைக் கேட்கிறேன். ‘யூ’வை எடுத்து ‘தட்’டைப் போட்டால் எந்த ஊர்க்காரருக்கும் உறுத்தாது.

சீ பற்றி மேலே சொன்னேன். ‘ஐ சீ யுவர் பொயின்ட்’ என்றால் உங்கள் வாதம் விளங்குகிறது என்று மட்டும்தான்; ஒத்துக்கொள்கிறேன் என்று அல்ல. அதை நம்பிச் சம்பள உயர்வு வந்துவிட்டதென்று வீட்டுக்குப் போய் இனிப்பு வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.

மற்றவருக்கு விளங்கியதா என்று நாம் கேட்க வேண்டிய நேரமும் வரும். ‘விளங்கியதா?’ என்று தமிழில் கேட்பதில் குற்றமில்லை. ரீச்சர் கேட்பார், தாய் கேட்பார். அதையே ‘அண்டர்ஸ்டாண்ட்?’ என்று விருந்தினரிடம் கேட்டால் பொலிஸ் விசாரணை போல இருக்கும். ‘டஸ் தட் மேக் சென்ஸ்?’ என்று கேளுங்கள். நான் தெளிவாகச் சொன்னேனா என்று பொறுப்பை உங்கள் தோளில் போட்டுக்கொள்கிறீர்கள்.

கடிதத்தில் முகம் மாறும் இரண்டு

பத்திரிகைகளில் ‘என அறிய வருகிறது’ என்று முடியும் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அண்டர்ஸ்டாண்ட் தான். ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் தட் யூ ஆர் லீவிங் நெக்ஸ்ட் மந்த்’ என்று மேலதிகாரி எழுதினால், நீங்கள் போவதன் காரணம் அவருக்கு விளங்கிவிட்டது என்று நிம்மதியடையாதீர்கள். போவதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா என்று நாசூக்காகக் கேட்கிறார். ‘தட்’ போட்டு ஒரு தகவல் வந்தால், பெரும்பாலும் கேள்விப்பட்டேன் என்றே வாசியுங்கள்.

மற்றது அப்ரீஷியேட். பாராட்டு என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். ‘ஐ அப்ரீஷியேட் யுவர் டிஃபிகல்டி’ என்று கடிதம் வந்தால், உங்கள் கஷ்டத்தைப் பாராட்டுகிறேன் என்றா அர்த்தம்? உங்கள் கஷ்டத்தின் கனத்தை நான் உணர்கிறேன் என்று அர்த்தம். தமிழின் ‘உணர்’ என்ற சொல்லுக்குப் பொருத்தமான இடம் இதுதான். பெரும்பாலும் அடுத்த வரியில் ‘பட்’ வந்து கையை விரிக்கும், அதையும் எதிர்பாருங்கள். நீங்கள் வேண்டுகோள் எழுதும்போது ‘ஐ வுட் அப்ரீஷியேட் இட் இஃப் யூ குட்’ என்று நடுவில் ‘இட்’ போடுங்கள். நம் அலுவலகக் கடிதங்களில் பாதியில் அந்த ‘இட்’ காணாமல் போயிருக்கும்.

‘ஷி இஸ் வெரி அண்டர்ஸ்டாண்டிங்’ என்றால் அவர் கெட்டிக்காரி என்று அல்ல, பிறர் நிலையை அறிந்து விட்டுக்கொடுப்பவர் என்று. நம் பத்திரிகைகள் எழுதும் ‘புரிந்துணர்வு’ இங்கே சரியாக வரும்.

கொப்பியை எடுங்கள்

ஒரு வாரத்துக்கு, நீங்களோ வீட்டிலிருப்பவர்களோ ‘விளங்கு’ என்று சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதுங்கள். பக்கத்தில் கேள்வியைப் போடுங்கள்: காதா, தகவலா, உறைத்ததா, பிடிபட்டதா, தேடினேனா? அதற்குப் பிறகுதான் ஆங்கிலம். என் மாணவர்களின் கொப்பிகளிலிருந்து சில:

‘மைக் இரைச்சலில் அறிவித்தல் ஒன்றும் விளங்கவில்லை.’ காது. மேக் அவுட்.

‘பரீட்சை நேற்றே முடிந்துவிட்டது என்று வாசலுக்குப் போன பிறகுதான் விளங்கியது.’ உறைத்தது, ‘என்று’ வருகிறது. ரியலைஸ். பாவம்.

‘சேர் படிப்பிப்பது நன்றாக விளங்குகிறது.’ அண்டர்ஸ்டாண்ட். இதை எழுதியவருக்கு நான் கூடுதலாகப் புள்ளி போடவில்லை.

‘மூன்று நாள் மண்டையை உடைத்து, படிவத்தை எப்படி நிரப்புவது என்று விளங்கிக்கொண்டேன்.’ வியர்வை இருக்கிறது. ஃபிகர் அவுட் அல்லது வேர்க் அவுட்.

‘மாமி ஏன் கோபித்துக்கொண்டு போனார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.’ இதற்கு அண்டர்ஸ்டாண்ட், ஃபிகர் அவுட், ஃபாதம் மூன்றும் பொருந்தும். எதைப் போடுவது என்பது மாமியைப் பொறுத்தது.